எம் என்றால் எந்த மாதம்

ஜூன் 3, 1996, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று போயிற்று.

திருவனந்தபுரம் பயிற்சி முடிந்தது. மூன்றாவது. முதலாவது டைப்பிங், நான் என்றைக்கோ பாஸானது. இரண்டாவது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இது அதிகாரிகளுக்கு. தகவல் ஒரு பொக்கிஷம் என்று நாள் முழுக்கச் சொன்னார்கள். மீன்கறி பரவாயில்லை.

டீ நேரத்தில் வகுப்பெடுத்தவரிடம் கேட்டேன். சர்வே விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் நான். பின்னால் வருகிறவர் தேடினால் கிடைக்க, படித்தால் புரிய, எப்படி எழுதி வைப்பது? அதையெல்லாம் உங்கள் சார் பார்த்துக்கொள்வார் என்றார். நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் சார் என்னை அனுப்பினார்.

ஜூன் 5, புதன்

கொஞ்சம் வெயில். நெய்யாற்றின்கரை ஆபீஸில் பத்து மணி வரை கரண்ட் இல்லை.

குடிநீர்த் திட்ட எஞ்சினியர் வந்தார். எங்கள் பழைய கிணறு சர்வே வேண்டுமாம். எங்கே கிணறு முதலில் வற்றுகிறதோ அங்கே முதலில் குழாய். சார் சந்தோஷமாக என்னைக் கை காட்டினார்.

ஃபிளாப்பி தேடவே மதியம் ஆயிற்று. ஒன்றின் லேபிள் ‘புதியது’. இன்னொன்று ‘புதியது-புதியது’. ‘கிணறு வற்றும் மாதம்’ என்ற கட்டத்தில் பாதி வரிகளுக்கு வெறும் M. மலையாள மாதம் என்றால் மகரமா, மீனமா, மேடமா? நம் தை, பங்குனி, சித்திரை. தமிழில் மாசி உண்டு. இங்கிலீஷில் மார்ச், மே. கோடை முழுக்க இந்த ஒரே எழுத்து. தலைவலி.

வாங்க: மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம்.

ஜூன் 7, வெள்ளி

சர்வே எடுத்த ஸ்டீபன் அண்ணன் இப்போது பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்டில் பிடித்தேன்.

“வீட்டுக்காரங்க சொன்னதத்தான் எழுதுவேன் மக்கா. தமிழ் பேசினா மாசி, மலையாளம் பேசினா மகரம். எல்லாம் எம்மு தானே.”

எந்த வீட்டில் எது பேசினார்கள் என்று கேட்டேன்.

“அது ஆருக்கு ஓர்மை? இங்க ஒரே வாயில ரெண்டும் உண்டுல்லா.”

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஜூன் 8, இரண்டாம் சனி

லீவு. துணி காயவில்லை.

எங்கள் வீடும் அந்த சர்வேயில் உண்டு. M. அன்று என்ன சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டேன். நினைவில்லை. குழாய் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மகரம் எண்ணு போடு மக்கா. பொய்யில்ல. நம்ம கிணறு மகரத்திலயே வத்தின வருசமும் உண்டாக்கும்.”

உண்டுதான். கோடை முழுக்கக் குடம் சுமக்கிறவள் அவள். நான் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறேன். இரவு சரியாகத் தூக்கமில்லை.

ஜூன் 10, திங்கள்

மழை. எனக்குத் தோன்றியபடி ஒரு தாள் அடித்து ஃபிளாப்பியோடு வைத்தேன். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, யார் போய்க் கேட்டது, M என்றால் எந்த மாதம் என்று தெரியாது, அந்த வீடுகளில் மறுபடி கேட்க வேண்டும். பாதி சர்வே ‘தெரியாது’ என்று போனால் மானம் போகும் என்றார் சார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதப் பயிற்சிக்கு என் பெயர் கொடுத்திருக்கிறாராம். டைப்பிங்.

எங்கள் வரியிலும் ‘தெரியாது’.

வீட்டுக்குள் கால் வைக்கும் முன் அம்மா கேட்டாள், “போட்டியா?”

போட்டேன் என்றேன்.