ஸ்ட்ரோலர் உங்கள் பொறுப்பு

என்னங்க,

வேலை இருப்பதால் நான் காலை விமானத்தில் கிளம்புகிறேன். நீங்களும் பாப்பாவும் மாலை விமானத்தில் வாருங்கள். உங்களை எழுப்பிச் சொல்லிக்கொண்டு போக மனம் வரவில்லை.

பால் பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. விமானம் இறங்கும்போது கொடுங்கள். இல்லாவிட்டால் காது வலித்து ஊரைக் கூட்டிவிடுவாள். சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

பாப்பாவை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் வாசலருகே நிற்கிறது. விமானத்தில் ஏறும் இடத்தில் அதை மடித்துக் கொடுக்க வேண்டும். போன தடவை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் அதோடு மல்லுக்கட்டினேன். பின்னால் வரிசையே முணுமுணுத்தது. நீங்கள் பாட்டுக்கு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றதும், "இதுகூடத் தெரியலையா? சின்னக் குழந்தைகூட மடிச்சிடுமே!" என்றீர்கள். பக்கத்து சீட்டில் இருந்த உங்கள் தம்பி பல்லைக் காட்டிச் சிரித்தார்.

அதை மடிக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

உங்கள் தம்பிக்கும் இன்று அதே விமானம்தானாம்.

பி.கு.: பையில் மாற்றுச் சட்டை வைத்திருக்கிறேன். வேர்க்கும்.

இன்னொன்று: சூட்சுமத்தை எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சின்னக் குழந்தை உங்கள் இடுப்பிலேயேதான் இருப்பாள். அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.