அப்பாவை எங்கேயும் அனுப்ப மாட்டேன்

அண்ணனூர்

அன்புள்ள ஸ்ரீகாந்துக்கு அம்மா எழுதுவது. மாங்காட்டு அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் லாவண்யாவும் குழந்தை அகல்யாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் என்னைப் பேசவிடாமல் குறுக்கே விழுகிறாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

கோயம்புத்தூர் முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு நீ சொல்லி வைத்த இடம் வேண்டாம் என்று நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். ரயில்வே ஸ்டேஷனில் வீட்டுக்கு வழி தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தது நிஜம்தான். ஆட்டோ ஓட்டும் பூபாலன்தான் பார்த்து, நைனா பெஞ்சுல குந்திகினு கீறாரு, ஊடு எங்கன்னு என்னையே கேக்குறாரு, இன்னாம்மா ஆச்சு என்று கூட்டிவந்து விட்டான். பேத்தி பெயரை அவர் மறந்த அன்று நான் அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அதற்காக, ராணுவ டேங்க் ஃபேக்டரியில் காலமெல்லாம் உழைத்த மனுஷனை மூட்டை கட்டி அனுப்பிவிடுவதா?

ஆவடியில் டாக்டர் ஜமீலாவிடம் அழைத்துப் போனேன். பிரஷர் பார்த்ததுமே அந்தம்மா முகம் மாறிவிட்டது. தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். இவரோ பெருமையாக, விரத நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, மாத்திரையா போடுவேன் என்கிறார்! செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, அமாவாசை, கணக்குப் பார், மாதத்தில் பத்து நாளாவது மாத்திரையே இல்லை. வருஷக்கணக்கில் பிரஷர் இப்படி ஏறி இறங்கினால் மூளைக்கு ரத்தம் போகும் மெல்லிய குழாய்கள் கெட்டுப்போகும், இதயத்தைப் பார்க்காமல் ஞாபகத்தை மட்டும் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். தன் அப்பாவுக்கு ரம்ஜான் நோன்பில்கூட வேளையை மாற்றி மாத்திரை கொடுத்துவிடுவாராம். உன் அப்பா விடுவாரா? பைப்பில் பிரஷர் ஏறினால் கசிவை அடைக்கிற சீல் போகும், இதை எனக்கே பாடம் எடுக்கிறீர்களா என்று மல்லுக்கு நின்றார். போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், இனிமேல் போவதைக் கொஞ்சம் தடுத்துப் பார்க்கலாம் என்றார் அந்தம்மா. எனக்கு அது போதும்டா.

இப்போது விரதமோ விருந்தோ, விடிந்ததும் என் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். உப்பு ஆகாது என்பதால் அப்பளம், ஊறுகாய் எல்லாம் எதிர்வீட்டு சபீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சாயங்காலம் ரயில் கார் ஷெட் பக்கம் இரண்டு பேரும் நடக்கிறோம், வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வருகிறார். திட்டட்டும்.

உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, பிரஷர் பார்த்துக்கொள், உன் உடம்பில் ஓடுவதும் அவர் ரத்தம்தான். பொங்கலுக்கு அகல்யாவோடு வா. பெயரை மறந்தால் அவளே தாத்தாவுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் பிறக்க வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் விரதமே ஆரம்பித்தார், உனக்கு இது தெரியாது. அவரைக் கொண்டுபோய் விடத்தான் வருகிறாய் என்றால் இந்த வாசற்படியை மிதிக்காதே.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். பிரஷர் பார்த்ததும் எவ்வளவு என்று எனக்குச் சொல்லு.

உன் அம்மா,
சாவித்திரி