ரப்பர் பல்லி கிடைத்த குழி

ஆகஸ்ட் 4

இன்றும் வகுப்புக்கு வெளியேதான். வேதியியல் டீச்சரின் சாக்பீஸ் டப்பாவில் ரப்பர் பல்லி இருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பா? (ஆமாம்.)

பறிமுதல். போகட்டும், அது இரண்டாவது பல்லி. முதலாவது, வால் அறுந்த நீலப் பல்லி, போன வருஷமே அடக்கமாகிவிட்டது. பீரங்கிக் குண்டு ஆலையில் மரம் நட எங்களைக் கூட்டிப்போனபோது என் கன்றுக்கு அடியில் புதைத்தேன். மண்புழுவாவது பயப்படட்டுமே.

ஆகஸ்ட் 9

இந்த வருஷமும் ஆலைக்குப் போனோம். அடுத்த வாரம் மரம் நடும் விழா, இந்தத் தடவை புது இடமாம், அதற்குக் குழி தோண்ட எங்கள் வகுப்பு. பச்சை சார் (ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி, டை முதல் பேனா வரை பச்சை) மைக் பிடித்தார்: "நம்ம உலை விடுற கரியமில வாயு மொத்தத்தையும் இந்த மரங்க குடிச்சிடும். பத்தே வருஷத்துல நம்ம கணக்கு பூஜ்யம்!"

நானும் கணக்கில் பூஜ்யம்தான். எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

"சார், குண்டு வெடிக்கிறப்போ வர்ற புகை?"

"அது வாசலைத் தாண்டிடுச்சும்மா. நம்ம கணக்குல வராது."

மண் பொலபொலவென்று வந்தது. இரண்டாவது வெட்டில் மண்வெட்டியோடு மேலே வந்தது — வால் அறுந்த நீலப் பல்லி.

புது இடம் என்றார்களே? அப்படியென்றால் என் மரம் எங்கே?

ஆகஸ்ட் 10

அப்பாவுக்கு அதே ஆலையில்தான் வேலை, தீயணைப்புப் பிரிவு மேற்பார்வையாளர். சாப்பிடும்போது பல்லியைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அம்மா அலறினார். அப்பா அலறவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"வெட்டுனது நான்தான். வெடிமருந்துக் கிடங்கைச் சுத்தி செடி கொடி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு காஞ்ச சருகுல தீப்பொறி பட்டாப் போதும். உள்ள அத்தன பேரு வேலை பாக்குறாங்க."

"அப்போ ஏம்பா அங்கயே நடுறாங்க?"

"வேற எங்க காலி இடம் இருக்கு?"

அது காலியாக இருப்பதே அந்த விதியால்தானே!

"பச்சை சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'நீங்க பாட்டுக்கு வெட்டுங்க, நாங்க பாட்டுக்கு நடுறோம். நட்டதுக்குத்தான் கணக்கு'ன்னாரு."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே நாங்கள் நட்ட கன்றுகளில் கட்டிய பெயர்த் தகடுகள், வருஷவாரியாக. "பிள்ளைங்க பேரு. குப்பையில போட மனசு வரல."

"நான் வெளிய சொல்லிடட்டுமா?"

"சொன்னா என் வேலைக்குத்தான் வேட்டு, வாலு."

ஆகஸ்ட் 12

சிரிப்பே வரவில்லை. ஒட்டடைக்குச்சி (பக்கத்து பெஞ்ச் தோழி) என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 16

செய்துவிட்டேன்.

மரங்களைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முதல் கன்றை அவர்தான் நட வேண்டும். அந்தக் குழியில் பல்லியை நேரத்தோடு புதைத்துவிட்டேன், கழுத்தில் என் போன வருஷத் தகட்டைக் கட்டி. அவர் அலறுவார், எல்லாரும் சிரிப்பார்கள், சிரிப்போடு விஷயமும் வெளியே வரும், அப்பா பெயர் வராது — இதுதான் என் மகா திட்டம். மண்டு.

அவர் அலறவில்லை. கண்ணாடியைப் போட்டுத் தகட்டைப் படித்தார். "போன வருஷத் தேதி. இது யாரு?"

கையைத் தூக்கினேன்.

"உன் மரம் எங்கம்மா?"

பச்சை சார் முகமும் பச்சை.

பின்வரிசையிலிருந்து அப்பா முன்னால் வந்தார். "நான்தாம்மா வெட்டுனேன். எல்லா வருஷமும்."

ஆகஸ்ட் 17

அப்பா என்னைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 29

வேலை போகவில்லை! எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நான் குதித்தேன். அம்மாவும்.

அப்பா செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "இனிமே அங்க ஒரு மரத்தைக் கூட வெட்டக் கூடாதாம்."

"விதி?"

"தூரத்தத் திரும்ப அளந்தாங்க. இப்பப் போதுமான தூரம் இருக்காம்."

"கிடங்கு நகர்ந்துச்சா?"

"இல்ல."

"மரம்?"

"அதுவும் அங்கயேதான்."

நான் இதையா கேட்டேன்? மரத்தை வேறு இடத்தில் நடுவார்கள் என்றல்லவா நினைத்தேன்?

நவம்பர் 2

பெரிய ஆர்டராம். உலை இரவும் பகலும் எரிகிறது. கிடங்கு நிரம்பி வழிகிறது. வாசலில் புதுப் பலகை: "பசுமை ஆலை". அதில் மீசை வரைய நல்ல இடம் இருக்கிறது. கை போகவில்லை.

மார்ச் 20

அப்பா தினமும் தாமதமாகத்தான் வருகிறார். வேலை முடிந்ததும் மரங்களுக்கு அடியில் பெருக்குகிறார். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இன்று துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கை விட்டேன். சருகு. கைநிறைய.

"இந்தத் தடவ நட்ட உன் மரம் என் தோளுக்கு வந்துடுச்சு," என்றார். பெருமையாகச் சொன்னாரா, தெரியவில்லை.

வெளியே காற்று பலமாக அடிக்கிறது. அப்பா மறுபடியும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.