மஞ்சளாக வந்த சுமதி

14.5.2006, ஞாயிறு இரவு

இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். சிட்லபாக்கத்துத் தங்கை வீட்டுக்கு அந்தச் சின்ன போட்டோ பிரிண்டரைப் பொறுக்கிக் கொடுத்ததே நான்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னிடம்தான் யோசனை கேட்டார்கள்.

நாளை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்கை மகள் சுமதியின் படம் போக வேண்டும். பட்டனை அழுத்தினேன். பேப்பர் வெளியே வந்தது. சுமதி முழுக்க மஞ்சளாக இருந்தாள்.

“என்னண்ணா இது, பொண்ணுக்குக் காமாலை வந்த மாதிரி இருக்கு?” என்றாள் தங்கை.

“மங்களகரமாத்தானே இருக்கு” என்றேன். அதற்குள் பேப்பர் திரும்ப உள்ளே போனது. கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிற மிஷினை நான் எங்கும் பார்த்ததில்லை. விடாமல் பிடித்து இழுத்தேன். உள்ளே ஏதோ கிழிந்து, சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஐயோ மாமா! நாலு தடவை உள்ள போய் வந்தாதான் எல்லாக் கலரும் ஏறும். ஏன் இழுத்தீங்க?” என்று சுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

“கடைக்காரர்தான் இழுக்கச் சொன்னார்.”

“அப்படியா சொன்னான்?” என்று தங்கை வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். “காலைல நீங்களும் வாங்க மச்சான், அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. வேற மிஷின் வாங்காம வரக் கூடாது.”

முதலில் ஏன் மஞ்சள்? எல்லாக் கலரையும் ஒரே தடவையில் அடித்தால் ஆகாதா? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

அந்தக் கடைக்காரர் என்னிடம் இழுக்கவும் சொல்லவில்லை, தள்ளவும் சொல்லவில்லை.