பலகையில் ஒட்டிய கட்டுரை

மைசூர், 12-2-1952

அன்புள்ள அப்பாவுக்கு, ஜேன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

கல்லூரியில் சின்ன விஷயம் ஒன்று. இங்கிலீஷ் கட்டுரை வகுப்பில், மனப்பாடம் வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்றேன். விடுதியில் ஒரு மாணவனை மட்டும் வாசலுக்கு வெளியே உட்காரவைத்துச் சோறு போடுவதை இன்னொருவன் எழுதிவிட்டான். ஓர் அலங்கார வார்த்தை இல்லை. நல்ல கட்டுரையைப் பலகையில் ஒட்டுவது இங்கே வழக்கம். என் கையெழுத்தில் பிரதியெடுத்து, பெயரில்லாமல் ஒட்டினேன். மறுநாளே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"யார் எழுதினதும்மா? பேரைச் சொல்லிடுங்கோ, உங்க வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார் பிரின்சிபால்.

"எழுதச் சொன்னது நான்தான் சார்" என்றேன்.

என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை கல்லூரிக் கமிட்டி கூடுகிறது. கவலைப்படாதீர்கள்.

குளிர் இன்னும் விடவில்லை. என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். வேண்டாம், வெள்ளி கழியட்டும் அப்பா. அனுப்ப வேண்டியே இருக்காதோ என்னவோ.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் ஜேன்