அரை மூச்சு

அன்புத் தங்கைக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே தகவல் சொல்லிவிடுகிறது. மகன் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டான். மருமகளுக்குத் தையல் வேலைக்குக் குறைவில்லை. இந்தக் கடிதமே அவள் துணி வெட்டும் மேஜையில், பள்ளிச் சீருடைகளுக்கு நடுவில்தான் எழுதப்படுகிறது. சொன்னதைச் சொன்னபடி எழுது, அழகு பண்ணாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோவில் நீ நம் தண்டவாளப் பாட்டைப் பாடினாய். "கல்லு மேல கம்பி, கம்பி மேல வெயிலு" என்று முடித்த கையோடு, நிற்காமல், "தூக்கு" என்று எடுத்துவிட்டாய். நடுவில் வரும் அரை மூச்சு நிறுத்தம் எங்கே போனது? நாற்பது வருஷமாக எந்த மேடையிலும் நீ அதை விட்டதில்லை. மருமகள்கூட மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, "என்ன மாமா, உங்க தங்கச்சி இன்னிக்கு அவசரப்படுறாங்க" என்றாள்.

அந்த நிறுத்தத்தை ஏன் எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். என்னால்தான்.

ஆறு மாதம் முன்னால் ரேடியோவிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். நம் பக்கத்திலிருந்து பாடப் போனவர்கள், வாசிக்கப் போனவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் அரை மூச்சு பிந்துகிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கல்யாண பேண்டில் டிரம் அடிப்பவன் முதல் தொட்டில் ஆட்டுகிறவள் வரை இங்கே எல்லோரிடமும் அது இருக்கிறது. வெளியாட்கள் நொண்டித் தாளம் என்று சிரிப்பார்கள். நம் ஆட்களுக்கு வேறு மாதிரி அடிக்க வராது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். "உங்க தங்கச்சி பாட்டுக்கே அதுதானே உயிரு?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? உன் பெயரைக் கேட்டாலே எனக்கு எரியும். இந்தத் தையல் அறையில் உன் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. அதற்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போட்டுக்கொள்வேன். ஆனால் உன் பாட்டு வரும்போது யாராவது ரேடியோவை அணைக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறேனாம். மருமகள் சொல்கிறாள், எழுதியும்விட்டாள். உன் பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டாமா?

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அந்த நிறுத்தம் நான் வெச்சதும்மா. எனக்கு மூச்சு வாங்கும், அதுக்காக வெச்சேன். என் தங்கச்சி ஒரு நாளாவது கடப்பாரை பிடிச்சிருப்பாளா? என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

ரேடியோவில் வந்தது, பேப்பரிலும் வந்தது. அண்ணன் பாட்டைத் திருடியவள் என்று உன்னைப் பேசினார்கள். உன்னிடம் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவர் பொருளை அவர்கிட்டயே குடுத்துடறேன்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெருந்தன்மையிலும் நீயே முந்திக்கொண்டாய்.

மருமகளே, இனிமேல் வருவதை நிதானமாக எழுது. இது என் மகனுக்குக்கூடத் தெரியாது.

அப்பாவுக்குத் தண்டவாளம் இறக்கும்போது வலது கையில் மூன்று விரல் போனது. விரல் போனது மேஸ்திரிக்குத் தெரியும். பிடி போனது தெரியாது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதனால் அப்பா துண்டை மணிக்கட்டோடு சேர்த்துக் கடப்பாரையில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பார். மற்றவர்கள் பிடித்து அரை மூச்சுக்குப் பிறகுதான் அவர் பிடி இறுகும். தண்டவாளத்தை நெம்பி நேராக்கும் கேங்குக்குப் பாட்டுச் சொல்கிறவன் நான். பத்தொன்பது வயது, நல்ல தொண்டை, நெஞ்சை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துப் பாடுவேன். நான் "தூக்கு" என்றதும் மற்றவர்கள் தள்ளிவிடுவார்கள். அப்பாவின் கடப்பாரை எகிறும். இரண்டு தடவை அவர் முழங்காலில் அடித்தது. ஜல்லி வழுக்கிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

எனக்குக் காய்ச்சலில் தொண்டை கட்டிய அன்று நீ சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தாய். உனக்குப் பதினொரு வயது. "பாப்பா சொல்லட்டும்" என்றார் அப்பா. நீ கட்டைக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து, நான் பாடும் அதே அடியைப் பாடினாய். கம்பி மேல வெயிலு என்றதும் நிறுத்திவிட்டாய். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் உன் கண் அப்பா கையில் இருக்கிறது. துண்டு சுற்றி முடிந்தது. "தூக்கு" என்றாய். தண்டவாளம் ஒரே தள்ளலில் நேரானது. மேஸ்திரி, "இந்தப் பொண்ணு குரல்ல என்னமோ இருக்குய்யா, நாளைக்கும் கூட்டிட்டு வா" என்றார். எனக்கு நூறு டிகிரி இருந்த காய்ச்சல் அங்கேயே நூற்றுமூன்று ஆகிவிட்டது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அப்பா அந்த இரண்டு விரல் கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காலித் தூக்கைச் சுமந்துகொண்டு நான் பின்னால் வந்தேன். அந்தக் கையால் அவர் என்னைப் பிடித்து நடந்ததே இல்லை. எத்தனையோ மறந்துவிட்டது, இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

மறுவாரம் முதல் நானும் நிறுத்திப் பாடினேன். முப்பது வருஷம் பாடினேன். பக்கத்துக் கேங்குகள் என்னிடம் கேட்டுப் பாடின, அவர்கள் வீட்டுப் பெண்கள் தொட்டிலுக்குப் பாடினார்கள், பேண்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அது நம் பக்கத்து வழக்கமாம். யார் எடுத்தது யாரிடமிருந்து என்று இப்போது மருமகளுக்கும் தெரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தவள், இப்போதுதான் திரும்ப எடுத்தாள்.

ரேடியோக்காரப் பெண்ணுக்கும் இதையெல்லாம் தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருபவரிடம் எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து, நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அதனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. காலண்டருக்கு இன்னும் முதுகுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் தங்கச்சி. வெள்ளிக்கிழமை நீ நிற்காமல் "தூக்கு" என்றபோது என் இரண்டு கையும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. துண்டு பாதிச் சுற்றில் நிற்கிறது. எல்லோரும் தள்ளிவிட்டார்கள். அவர் இன்னும் பிடிக்கவில்லையம்மா. நான்தான் அன்றைக்கு வானத்தைப் பார்த்தேன், நீயும் பார்க்காதே. அடுத்த முறை அவர் பிடித்துக்கொள்ளும் வரை நில். அப்புறம் தூக்கு.

உன் மூச்சு நீண்டிருக்கட்டும்.

கீழே இருப்பது என் கட்டைவிரல் ரேகை. மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

உன் அண்ணன்