தனுஷ்கோடி அண்ணன் சொன்ன வழி

லிங்கம்மாளுக்கு, பம்பாயிலிருந்து அப்பய்யா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நான் இருக்கிறேன்.

குடலிறக்க ஆபரேஷனுக்குத் தர்மாஸ்பத்திரியில் தை மாதம்தான் வரச் சொன்னார்கள். அதுவரை மில்லில் நிற்க முடியாது. என்னோடு வேலை பார்த்த பந்தல்குடி தனுஷ்கோடி அண்ணன் அங்கே அதே ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். "தெனமும் வெறும் வயித்தோட வாசல்ல வந்து உக்காருலே. எவனுக்காச்சும் முடியாமப் போனா அந்த எடத்துக்கு ஒன்னையக் கூப்பிடுவாக" என்றார்.

அப்படியே பட்டினியாகப் போய் உட்கார்ந்தேன். இன்று கூப்பிட்டுவிட்டார்கள். பயப்படாதே, சின்ன ஆபரேஷன்தான். கொஞ்சம் கருப்பட்டி அனுப்பு. இங்கே எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஆபரேஷனுக்கு முன்னாலேயே, நேற்று காய்ச்சலில் இறந்துவிட்டார். தந்தி போயிருக்கும். பந்தல்குடிக்குப் போய் அவர் பெண்சாதியோடு இரண்டு நாள் இரு.

உள்ளே வரச் சொல்கிறார்கள். நான் யாருடைய இடத்தில் படுக்கப்போகிறேன் என்று மட்டும் அந்தம்மாவிடம் சொல்லிவிடாதே.

அப்பய்யா